பர்ச்சேஸ் ஆர்டரில் நடுவர் விதி வேண்டும்

தூத்துக்குடியில் கப்பலேறிய திருப்பூர்ப் பின்னலாடைச் சரக்கு ஹாம்பர்க்கில் இறங்கி, கடைக்கும் போய்விடுகிறது. பணம் வர வேண்டிய நாளில் பையரிடமிருந்து டெபிட் நோட் வருகிறது: கலர் சரியில்லை, ஷிப்மென்ட் தாமதம், பில்லில் இவ்வளவு பிடித்தம். மறுத்தால் அடுத்த சீசன் ஆர்டர் போய்விடும். ஒப்புக்கொண்டால் சாயப்பட்டறைக்கும் பிரிண்டிங்குக்கும் தர வேண்டிய ஜாப் ஒர்க் கூலி நின்றுபோகும். 2020 கொரோனா முடக்கத்தில் ஆர்டர் ரத்து, தள்ளுபடி என்று திருப்பூர் இதை மொத்தமாக அனுபவித்தது.

இங்கே வழக்குப் போட்டு ஜெயித்தாலும் பயன் குறைவு. நம் நீதிமன்றத் தீர்ப்பை நேரடியாக நிறைவேற்றும் ஏற்பாடு பிரிட்டனுடன் உண்டு. அமெரிக்காவுடனோ ஜெர்மனியுடனோ இல்லை. நடுவர் (ஆர்பிட்ரேஷன்) தீர்ப்பின் பலம் வேறு. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற 1958இல் நியூயார்க்கில் உருவான உடன்படிக்கையை இந்தியா 1960இல் ஏற்புறுதி செய்தது. இன்று 170 நாடுகளுக்கு மேல் அதில் இருக்கின்றன. சென்னையில் ஒரு நடுவர் தரும் தீர்ப்பை, வழக்கை மறுபடி விசாரிக்காமலே நிறைவேற்ற அந்த நாடுகளின் நீதிமன்றங்கள் கடமைப்பட்டவை. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகவில்லை, நடுவர் வரம்பு மீறினார், பொதுக் கொள்கைக்கு முரண் என்பது போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே மறுக்கலாம்.

இத்தனைக்கும் அடிப்படை, எழுத்தில் ஒரு நடுவர் விதி. அதுதான் நம்மிடம் இல்லை. பையர் அனுப்பும் ஆர்டரின் பொடி எழுத்து நிபந்தனைகளில் பெரும்பாலும் அவர் நாட்டுச் சட்டமும் அவர் ஊர் நீதிமன்றமும்தான் இருக்கும். நம் மெர்ச்சண்டைசர் விலையையும் டெலிவரி தேதியையும் பார்த்துவிட்டு கன்ஃபர்ம் செய்துவிடுகிறார்.

சிறு ஏற்றுமதியாளர் தனியாகப் போய் விதியை மாற்றச் சொன்னால் பையர் வேறு ஃபேக்டரியைத் தேடிப் போவார் என்பது உண்மை. அதனால்தான் இது சங்கத்தின் வேலை. உள்ளூர்த் தகராறுகளைத் தீர்க்க ஆர்பிட்ரேஷன் கவுன்சில் கண்ட ஊர் இது. பையரிடமும் அதே முறையைக் கேட்க நமக்கு என்ன தயக்கம்? திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் ஒரு மாதிரி விதியை வகுக்கட்டும்: ஒரே நடுவர், வீடியோ விசாரணை, குறித்த மாதங்களில் தீர்ப்பு, இடம் சென்னை, பையர் மறுத்தால் சிங்கப்பூர். சென்னை உயர் நீதிமன்றத்துக்கே நடுவர் மையம் இருக்கிறது. சிறு நிறுவனங்களின் நடுவர் கட்டணத்தில் ஒரு பங்கைத் தமிழக அரசு ஏற்க வேண்டும்.

பையரே திவாலானால் நடுவர் தீர்ப்பு கைகொடுக்காது. 2020 ஏப்ரலில் பிரிட்டனின் டெபன்ஹாம்ஸ் கடைச் சங்கிலி திவால் நிர்வாகியின் கைக்குப் போனது நினைவிருக்கும். அந்த ஆபத்துக்கு இ.சி.ஜி.சி.யின் ஏற்றுமதிக் கடன் காப்பீடுதான் துணை. ஆனால் பணம் இருந்தும் பிடித்து வைப்பவரிடம் வசூலிக்க நடுவர் விதியைவிட நல்ல வழி இல்லை.

பிரிட்டனுடனான வர்த்தக ஒப்பந்தம் 2025 ஜூலை 24இல் கையெழுத்தானது. அந்தச் சந்தையிலிருந்து புதுப் பையர்கள் வருவார்கள். அவர்களின் முதல் ஆர்டரை கன்ஃபர்ம் செய்யும் முன்பே, மாதிரி விதியைச் சங்கம் உறுப்பினர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும்.