மொட்டைமாடி ரொட்டி

எரிவாயு மிச்சமாகும் என்று சொல்லியே சூரிய அடுப்பை நம் தலையில் கட்டுகிறார்கள். அது பரணுக்குப் போவதும் அதனால்தான்: எரிவாயு அடுப்பின் வேலையை அதனிடம் எதிர்பார்க்கிறோம். தோசையும் ரசமும் காலையிலும் இரவிலும் சுடச்சுட வேண்டும். வெயிலோ உச்சியில்தான் காயும். கண்ணாடி மூடிய அந்தப் பெட்டி அடுப்புக்குத் தோதான பண்டம் ரொட்டி. மத்தியானம் சுட்டு, ஆறவிட்டு, மறுநாள் காலையில் நறுக்கலாம்.

சூடு போதுமா? 1767இல் ஜெனீவா அறிஞர் சொசூர் கண்ணாடிப் பெட்டிக்குள் வெயிலைப் பிடிக்கத் தொடங்கினார்; அவர் பின்னர் செய்த பெட்டியிலேயே உள்வெப்பம் தண்ணீரின் கொதிநிலையைத் தாண்டியது. ரொட்டியின் நடுப்பாகம் வேக 95 டிகிரி செல்சியஸ் போதும். பேக்கரிக்காரர் 200 டிகிரிக்கு ஏற்றுவது பெரும்பாலும் மேல்தோல் சிவக்கத்தான். பெட்டி அடுப்பு நல்ல வெயிலில் 120, 140 வரை போகும். தோல் வெளிறித்தான் இருக்கும். இருக்கட்டுமே! வெளிப்புறம் கறுப்படித்த, மூடியுள்ள பாத்திரத்தில் மாவைச் சின்னச் சின்ன உருண்டைகளாக வையுங்கள். வெயில் நகர நகரப் பெட்டியையும் திருப்ப வேண்டும். வெந்துவிட்டதா என்று அடிக்கடி கண்ணாடியைத் தூக்கினால் சூடு போச்சு. சித்திரையில் மாவு மளமளவென்று உப்பும், ஈஸ்ட்டைக் குறையுங்கள். ஐப்பசி அடைமழையில் என்ன செய்வது? கடையில் வாங்குங்கள், அதில் வெட்கம் என்ன.