கல்லைக் காக்கும் சட்டம் சொல்லைக் காக்குமா?

ஓர் இனத்தை அதன் வீட்டிலேயே அயலாராக்க விரும்புவோர் முதலில் அதன் பெயரை மாற்றுவர். ஆங்கிலர் இதில் கைதேர்ந்தவர். தமக்கு மேற்கே, மலையும் கடலும் சூழ வாழ்ந்த மக்களை அவர்கள் ‘வேல்சு’ என்று அழைத்தனர். பழைய ஆங்கிலத்தில் அச்சொல்லின் வேர்ப்பொருள் ‘அயலார்’ என்பதாம். வந்தேறியவன் மண்ணின் மைந்தனைப் பார்த்து ‘நீ அயலான்’ என்றான்! அம்மக்களோ தம்மையும் தம் நாட்டையும் கும்ரி என்கின்றனர்; ‘ஒரே நாட்டவர்’ என்பது அதன் பொருள். அவர்தம் மொழி கும்ரைகு. அவர்கள் தமக்கு இட்டுக்கொண்ட பெயராலேயே நாமும் அவர்களைக் குறிப்போம். அதுவே முறை.

கும்ரி நாட்டின் மேலைக் கடற்கரையில் கெரெதிகியோன் என்றொரு மாவட்டம் உண்டு. உழவும் ஆட்டு மந்தையும் சிற்றூர்களும் நிறைந்த நாட்டுப்புறம் அது. கெரெதிகு என்னும் பழந்தலைவனின் நிலம் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர். ஆங்கிலர் வாயில் அது ‘கார்திகன்’ எனச் சிதைந்தது. 1996-ஆம் ஆண்டு ஏப்பிரல் முதல் நாள் புதிய மாவட்டம் அமைந்தபோதும் ‘கார்திகன்சயர்’ என்றே பெயர் பெற்றது. மறுநாளே அது தன் பழம்பெயரை மீட்டுக்கொண்டது! பல நூற்றாண்டு இழுக்கை ஒரே நாளில் துடைத்தெறிய முடியும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமா?

அம்மாவட்டத்தில் பழங்கட்டடங்களும் தொன்மையிடங்களும் பலவுள. அவற்றைப் பட்டியலிட்டுச் சட்டத்தால் காக்கின்றனர். கும்ரி நாடு முழுமைக்கும் இப்பணியைச் செய்யும் அரசு அமைப்பின் பெயர் ‘காதூ’. ‘காத்தல்’ என்பதே கும்ரைகு மொழியில் அதன் பொருள். நம் ‘கா’ என்னும் வினையை அது நினைவூட்டலாம்; ஆயினும் ஒலியொப்புமை ஒன்றைக்கொண்டு உறவு கட்டுதல் மொழிநூலாகாது. அமைப்புக்குத் தம் மொழியிலேயே பெயரிட்டனர் என்பதே நாம் கருதத்தக்கது.

பட்டியலில் உள்ளவற்றுள் சிலவற்றைப் பார்ப்போம்.

தைவி ஆற்றின் கழிமுகத்தில் அபெர்தைவி என்னும் ஊர் உள்ளது. ‘தைவியின் ஆற்றுமுகம்’ என்று ஊரின் இயல்பை ஊர்ப்பெயரே சொல்லும். ஆங்கிலப் பெயரோ ‘கார்திகன்’. மாவட்டப் பெயரின் சிதைவையே எடுத்து ஊருக்கும் ஒட்டிவிட்டனர். இங்குள்ள கோட்டையில் 1176-ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவின்போது இரீசு என்னும் தலைவன் பாவலரையும் இசைவாணரையும் கூட்டிப் போட்டி நடத்தினான். ஓராண்டு முன்னதாகவே அதனை அறிவித்திருந்தான். வென்றவர்க்கு இருக்கைகளைப் பரிசாக அளித்தான். இன்றும் ஆண்டுதோறும் நடைபெறும் ஐசுதெத்வொது என்னும் கும்ரைகு மொழிப் பெருவிழாவுக்கு அதுவே முன்னோடி என்பர். அத்தகைய கோட்டை தனியார் கையில் சிக்கிச் சிதைந்து, முட்டுக்கொடுத்து நிறுத்தும் நிலைக்குத் தாழ்ந்தது. 2003-இல் மாவட்ட மன்றம் அதனை விலைக்கு வாங்கியது; செப்பஞ்செய்து 2015-இல் மக்களுக்குத் திறந்துவிட்டது.

உள்நாட்டில் இசுதிராது விளீர் என்னும் துறவியர் பள்ளி உள்ளது. 1164-இல் தொடங்கப்பெற்ற அதற்கு முன்கூறிய இரீசே புரவலன். 1238-இல் பெருந்தலைவன் இலுவெலின் கும்ரித் தலைவர்களை இங்குக் கூட்டித் தன் மகனுக்கு உறுதிமொழி கூறச் செய்தான். கும்ரைகுப் பாவலருள் தலைசிறந்த தாவித்து ஆபு குவிலிம் இங்குள்ள மரத்தடியில் அடக்கம் செய்யப்பெற்றார் என்பது செவிவழி மரபு. எட்டாம் என்றியின் காலத்தில் பள்ளி கலைக்கப்பட்டது. மேலை வாயிலின் வளைவு மட்டும் இன்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது. ‘விளீர் ஆற்றின் பள்ளத்தாக்கு’ என்னும் பொருளுடைய பெயரை இலத்தீனில் ‘சிதிராத்தா புளோரிடா’ ஆக்கியதால், பூக்கள் மலிந்த இடம் போலும் என்று படிப்போர் மயங்குகின்றனர். ஆற்றின் பெயர் அயன்மொழியில் பூவாயிற்று!

கடற்கரையில் அபெரிசுத்வித்து நகர் உள்ளது. அங்கே 1277-இல் ஆங்கில வேந்தன் முதலாம் எட்வர்டு கட்டத் தொடங்கிய கோட்டையின் இடிபாடு கிடக்கிறது. கும்ரியரை அடக்குதற்கென்றே எழுந்த கோட்டை அது. 1404-இல் விடுதலை மறவன் ஓவைன் கிலிந்தூர் அதனைக் கைப்பற்றினான், 1408-இல் இழந்தான். இன்று அடக்கியவனின் சுவரும் காக்கப்படுகிறது. அதனை நாம் குறை கூறவில்லை. வரலாற்றை முழுமையாக அறிய அதுவும் வேண்டுவதே.

ஆனால், அதே மாவட்டத்தில் மற்றொரு சுவர் உண்டு.

அபெரிசுத்வித்துக்குத் தெற்கே, இலான்றிசுதித்து என்னும் ஊரையடுத்துப் பெருஞ்சாலையோரத்தில், இடிந்துபோன சிறுவீடு ஒன்றின் கற்சுவர் நிற்கிறது. கட்டடக்கலைச் சிறப்பென்று அதில் ஏதும் இல்லை. செந்நிறப் பின்புலத்தில் வெள்ளை எழுத்தில் இரண்டே சொற்கள்: ‘திரவெரினை நினையுங்கள்.’ 1960-களின் தொடக்கத்தில் மைக்கு சுடீவன்சு என்னும் எழுத்தாளர் இளமையில் எழுதிய சொற்கள் அவை. ஆங்கிலம் பேசும் சூழலில் வளர்ந்து, பின்னர்க் கும்ரைகு கற்றுக்கொண்டவர் அவர். அம்மொழியில் நிலைமொழி நோக்கி வருமொழியின் முதலொலி இளகுதல் உண்டு. முதலில் எழுதியபோது அத்திரிபு விடுபட்டது. பின்வந்தோர் திருத்தி எழுதினர். பிழையோடு பிறந்த அவ்விரு சொற்களே ஓர் இனத்தின் நெஞ்சைத் தைத்தன.

திரவெரின் என்பது கெரெதிகியோனில் இல்லை. வடக்கே உள்ள பள்ளத்தாக்கு அது. அங்கே காப்பெல் கெலின் என்னும் சிற்றூர் இருந்தது. கும்ரைகு மட்டுமே வழங்கிய ஊர். இங்கிலாந்தின் இலிவர்ப்பூல் நகருக்குத் தண்ணீர் வேண்டுமென்று அப்பள்ளத்தாக்கை நீரில் அமிழ்த்த 1957-இல் இலண்டன் நாடாளுமன்றம் சட்டஞ்செய்தது. கும்ரி நாட்டு உறுப்பினர் 36 பேருள் ஒருவரும் அதற்கு இசைந்து வாக்களிக்கவில்லை. என்ன பயன்? 1965-இல் பள்ளிக்கூடம், அஞ்சலகம், வழிபாட்டு மனை, இடுகாடு, உழவர் வீடுகள் யாவும் நீருக்கடியிற் போயின. நாற்பது ஆண்டு கழித்து, 2005-இல் இலிவர்ப்பூல் நகரமன்றம் மன்னிப்புக் கேட்டது. நீருக்கடியில் கிடக்கும் ஊருக்கு மன்னிப்பு எட்டுமா?

அந்த நினைவைச் சுமந்துநின்ற சுவரை 2019 ஏப்பிரலில் யாரோ இடித்துத் தள்ளினர். அவ்வாண்டு பிப்பிரவரியில்தான் அதன்மேல் ஓர் அமெரிக்கப் பாடகனின் பெயரைப் பூசிச் சிறுமைப்படுத்தியிருந்தனர். இடிக்கப்பட்ட நாளில் அச்சுவர் காக்கப்படும் கட்டடங்களின் பட்டியலில் இல்லை. எட்வர்டின் கோட்டைக்கு இருந்த காப்பு ஏழை வீட்டுச் சுவருக்கு இல்லை!

வல்லுநர் இதற்கொரு தடை கூறக்கூடும்: “பன்முறை பூசி, திருத்தி, மீண்டும் எழுதப்பட்டது அது. முதலில் எழுதிய எழுத்து இப்போது இல்லையே, எதைக் காப்பது?” தடை வலுவற்றதன்று. பட்டியலில் ஏற்றிவிட்டால் இசைவின்றித் தூரிகை எடுத்துத் திருத்துவதே குற்றமாகலாம். பூசிப்பூசியே வாழ்ந்த சுவர் சட்டத்தின் காப்பில் மங்கியும் போகலாம். ஆனால் எண்ணிப் பாருங்கள். மொழியும் அத்தகையதன்றோ? நம் முன்னோர் பேசிய ஒலி காற்றோடு போயிற்று. ஒவ்வொரு தலைமுறையும் மீண்டும் பேசுவதாலேயே மொழி இருக்கிறது. அச்சுவரை வாழச்செய்ததும் அஃதே. இடித்த சில நாள்களுக்குள் மக்கள் கற்களை மீண்டும் அடுக்கினர். எழுத்தை மீண்டும் பூசினர். அதுமட்டுமா? அவ்விரு சொற்களும் கும்ரி நாடெங்கும் சுவர்தோறும் முளைத்தன. ஒன்றை இடித்தவர் நூற்றுக்கு வித்திட்டார்.

சட்டம் வேண்டா என்று நாம் கூறவில்லை. சட்டம் மேலும் ஒருபடி செல்லவேண்டும் என்கிறோம். கும்ரியர் அதிலும் வழிகாட்டியுள்ளனர். 2016-இல் அவர்கள் இயற்றிய வரலாற்றுச் சூழற் சட்டத்தின்படி, பழைய இடப்பெயர்களைத் திரட்டிய பட்டியல் ஒன்று உருவாயிற்று. ஊர், வயல், வீடு, ஓடை ஆகியவற்றின் பெயர்கள் நூறாயிரக்கணக்கில் அதில் உள்ளன. அதனைப் பேணும் ஆணையம் அபெரிசுத்வித்து நகரில், நாட்டு நூலகக் கட்டடத்திலேயே இயங்குகிறது. பின்னர் 2023-இல் வந்த வரலாற்றுச் சூழற் சட்டமோ கும்ரைகு, ஆங்கிலம் இரண்டிலும் ஒத்த மதிப்புடன் இயற்றப்பெற்றது. 1963 பிப்பிரவரி 2-இல் அந்நகரின் திரெவெக்கன் பாலத்தில் அமர்ந்து, வழக்குமன்ற அழைப்பாணை தம் மொழியில் வேண்டுமென்று போக்குவரவை மறித்த இளைஞர்களின் விதை இன்று சட்டமொழியாகவே விளைந்திருக்கிறது!

எனினும் அப்பட்டியலிலும் ஓட்டை உண்டு. பெயரைப் பதியலாம்; பெயர்மாற்றத்தைத் தடுக்க இயலாது. பழைய உழவர் மனையை வாங்குவோர் அதன் பெயரைக் களைந்து ஆங்கிலப் பெயர் சூட்டினால், பட்டியல் பார்த்துக்கொண்டிருக்கும். மாற்றத்தைத் தடுக்கும் சட்டம் வேண்டுமென்று 2017-இல் அவர்தம் மன்றத்தில் எழுந்த முன்மொழிவு தோற்றது. வீட்டின் கதவை மாற்ற இசைவு வேண்டும். வீட்டின் பெயரை மாற்ற வேண்டா! இஃது என்ன காப்பு?

இவ்வளவும் ஏன் இன்றியமையாதன? கெரெதிகியோனில் 1991-இல் நூற்றுக்கு 59 பேர் கும்ரைகு பேசினர். 2001-இல் 52 ஆயிற்று. 2011-இல் 47.3, 2021-இல் 45.3. கோட்டைகள் செப்பமாகின்றன, வாயில் வளைவுகள் நிற்கின்றன, அவற்றின் பெயர்களைப் பொருள் தெரிந்து சொல்லும் வாய்கள் குறைகின்றன. அபெர்தைவிக் கோட்டையில் இருக்கை இருக்கும். அதில் அமரும் பாவலன் வேண்டாவா? மொழி போனபின் நிற்கும் கட்டடம் வெறுங் கல். அதைக் காட்டி வருவோரிடம் கட்டணம் வாங்கலாம். வரலாறு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே காப்புப் பட்டியல் கல்லில் தொடங்கிக் கல்லிலேயே முடிதல் கூடாது. முதலிற் காக்கத்தக்கது பெயர், அடுத்தது அப்பெயரைச் சொல்லும் நா, அதன்பின்னரே சுவர். திரிந்த ஊர்ப்பெயர்களோடு வாழும் நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கெரெதிகியோன் தன் பெயரை மீட்க ஒரு நாள் போதுமானதாக இருந்தது. பேசும் வாய்களை மீட்க ஒரு தலைமுறை வேண்டும். அத்தலைமுறை இன்று பள்ளியில் அமர்ந்திருக்கிறது. அது எம்மொழியில் பேசும் என்பதே அம்மாவட்டத்துக் கற்களுக்கெல்லாம் பொருள் உண்டா, இல்லையா என்பதை முடிவு செய்யும்.