டர்போ போச்சு சார்!

பானெட்டுக்குள் தலையை விட்டவர் நிமிர்ந்து, உதட்டைப் பிதுக்கி, "டர்போ போச்சு சார்" என்றால் கார்க்காரர் முகத்தில் இருக்கிற ரத்தமும் சேர்ந்து போய்விடும். வேலூர், ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளுக்கும் டேனரிகளுக்கும் ஓடும் டீசல் டாக்ஸிக்காரர் என்றால் கேட்கவே வேண்டாம். மாசத் தவணை கண்முன் நிற்கும்.

ஆதாரம்? இன்டர்கூலர் குழாயில் ஆயில் கசிவு!

டர்போ, புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றிக் காற்றை அமுக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். அதை ஆற்றி இன்ஜினுக்கு அனுப்புவது இன்டர்கூலர். அங்கே ஆயிலுக்கு என்ன வேலை?

நான் பி.காம். டிரையல் பேலன்ஸ் உதைத்தால் எடுத்த எடுப்பில் கேஷியரைத் திருடன் என்பதில்லை. முதலில் கூட்டலைச் சரிபார்ப்போம். ஆம்பூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் பாய்க்கும் அதே கட்சிதான்.

"தோலுக்கே பதம் பண்ணப்புறம் எண்ணெய் ஏத்துறாங்க, தம்பி. லேசா பிசுபிசுத்தா தப்பில்ல. சொட்டினாத்தான் கேஸு!"

இன்ஜினின் பிரீதர் வழியாக வரும் ஆயில் ஆவி கொஞ்சம் படியத்தான் செய்யும். பாய் குழாயைச் சுத்தமாகத் துடைத்து, கிளிப்பை முடுக்கி, "ஏலகிரி ஏறிட்டு வாங்க" என்பார். பதினாலு கொண்டை ஊசி வளைவு! திரும்பி வந்ததும் பார்த்தால், மூட்டில் மட்டும் ஈரமென்றால் குற்றவாளி கிளிப் அல்லது ஓ-ரிங்.

உள்ளேயே ஆயில் தேங்கினால்? டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவுக்கு மீறி இருக்கிறதா, ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, பிரீதர் அடைப்பா என்று வரிசையாகப் பார்ப்பார். டர்போவின் சீல் ரப்பர் இல்லை, சின்ன உலோக வளையம். காற்றின் அழுத்தம்தான் பாதிக் காவல். ஃபில்டர் அடைத்தால் டர்போ ஆயிலையே உறிஞ்ச ஆரம்பிக்கும். அடுத்தது, டர்போவிலிருந்து ஆயில் கீழே இறங்கும் குழாய். அதில் பம்பு கிடையாது, தானாக வழிந்தால்தான் உண்டு. அது அடைத்தால் ஆயில் கிடைத்த சந்தில் புகும்.

எல்லாம் சரியென்றால்தான் இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, டர்போ சக்கரத்தை விரலால் அசைத்துப் பார்ப்பார். சக்கரம் சுவரில் உரசினால், கூடவே நீலப் புகையும் வந்து ஆயிலும் குறைந்தால், டர்போ போனது நிஜம்.

அப்போது "அடுத்த மாசம் பாக்கலாம்" கூடாது. உள்ளே வழியும் ஆயிலையே எரித்து டீசல் இன்ஜின் தறிகெட்டு ஓடலாம். அதற்கு ஸ்பார்க் தேவையில்லை என்பதால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். கியர் வண்டியென்றால் பிரேக்கை அழுத்தி, டாப் கியரில் கிளட்சை விட்டு அணைக்கப் பார்க்க வேண்டும்.

ஒன்று சொல்கிறேன். அடைத்த குழாயை அப்படியே விட்டுப் புது டர்போ போட்டால் அதுவும் சீக்கிரமே பழைய டர்போவாகிவிடும். ஆகவே "டர்போ போச்சு" என்பவரிடம் "எவ்வளவு ஆகும்?" என்று பர்ஸைத் தடவாதீர்கள். "எதனால போச்சு?" என்று கேளுங்கள்.

பதில் வராவிட்டால், சாவியை வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.