சிங்கப்பூர் ஏர்லைன்சின் வணிக உத்தியும் போட்டியும்

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சிங்கப்பூர் நாட்டின் தேசிய வானூர்திச் சேவை நிறுவனம் ஆகும். மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் என்ற கூட்டு நிறுவனம் இரண்டாகப் பிரிந்ததைத் தொடர்ந்து, 1972 அக்டோபரில் இது தனியே இயங்கத் தொடங்கியது. அப்பிரிவினையில் உள்நாட்டு வழித்தடங்கள் மலேசியாவிடம் சென்றன. பன்னாட்டு வழித்தடங்களில் பெரும்பாலானவை சிங்கப்பூருக்குக் கிடைத்தன. சிறு தீவு நாடான சிங்கப்பூரில் உள்நாட்டு வானூர்திப் பயணம் என்ற ஒன்றே இல்லை. இந்நிறுவனத்தின் பெரிய முடிவுகளுள் பலவற்றை இந்த ஒரு குறையைக் கொண்டே விளங்கிக்கொள்ள முடியும்.

மாறிச்செல்லும் பயணிகள்

சென்னையிலிருந்து சிட்னிக்குச் செல்பவர் சாங்கி வானூர்தி நிலையத்தில் இறங்கி வேறு வானூர்தி ஏறுகிறார். அவர் சிங்கப்பூருக்கு வந்தவர் அல்லர். கோலாலம்பூர் வழியாகவோ பாங்காக் வழியாகவோ அவர் செல்லலாம். இத்தகையோரைத் தன்பால் ஈர்க்கவே இந்நிறுவனம் தொடக்கம் முதல் சேவைத் தரத்தையும் புதிய வானூர்திகளையும் முன்னிறுத்தியது. ஏர்பஸ் ஏ380 வானூர்தியை முதன்முதலில் வணிகச் சேவையில் ஈடுபடுத்தியதும் (2007 அக்டோபர், சிங்கப்பூர்-சிட்னி) இந்நிறுவனமே.

ஆனால் தரம் மட்டும் போதாது. எந்த நாட்டுக்கு எத்தனை சேவைகள் என்பதை அரசுகளுக்கு இடையேயான ஒப்பந்தங்களே முடிவு செய்கின்றன. சிட்னி-லாஸ் ஏஞ்சலஸ் வழித்தடத்தை இந்நிறுவனம் பலகாலம் கோரியும், 2006-இல் ஆத்திரேலிய அரசு மறுத்துவிட்டது. இதனால் பயனடைந்தது குவாண்டாஸ். தனக்கெனப் பெரிய உள்நாட்டுச் சந்தை இல்லாத நாடு பேரம் பேசும்போது, ஈடாகக் கொடுக்க அதனிடம் அதிகம் இருப்பதில்லை.

வளைகுடாவும் மலிவுக் கட்டணமும்

1985-இல் தொடங்கப்பட்ட எமிரேட்ஸ், பின்னர் வந்த கட்டார் ஏர்வேஸ் ஆகியவை இதே மாறிச்செல்லும் வணிகத்தை இன்னும் பெரிய அளவில் நடத்தின. 2013-இல் குவாண்டாஸ் எமிரேட்சுடன் கூட்டுச் சேர்ந்து, தன் இலண்டன் சேவையின் இடைநிறுத்தத்தைச் சிங்கப்பூரிலிருந்து துபாய்க்கு மாற்றியது. 2018-இல் மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பியது.

கீழ்த்தட்டில் ஏர்ஏசியாவின் நெருக்கடி இருந்தது. அதை எதிர்கொள்ள டைகர் ஏர்வேஸ் (2004), ஸ்கூட் (2012) ஆகிய மலிவுக் கட்டண நிறுவனங்கள் களமிறக்கப்பட்டன. இவ்விரண்டும் 2017-இல் ஸ்கூட் என்ற பெயரில் இணைந்தன. திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர் போன்ற நகரங்களுக்குச் செல்வது ஸ்கூட்டே. சென்னைக்குத் தாய் நிறுவனம் செல்கிறது.

இடைநில்லாச் சேவை மற்றொரு வழி. 2004-இல் தொடங்கிய சிங்கப்பூர்-நியூவர்க் சேவை, நான்கு பொறிகள் கொண்ட ஏ340-500 வானூர்தியின் எரிபொருள் செலவைத் தாங்காமல் 2013-இல் நிறுத்தப்பட்டது. இரண்டு பொறிகள் கொண்ட ஏ350-900 யூ.எல்.ஆர் வானூர்தியுடன் 2018-இல் மீண்டும் வந்தது. ஏறத்தாழ 15,300 கி.மீ. தொலைவு பறக்கும் இதில் 161 இருக்கைகள் மட்டுமே உள்ளன. சாதாரண வகுப்பு இல்லை. பொறியியல் சாதனைதான், எனினும் பெருந்திரளான பயணிகளைக் கொண்டுவரும் வழி இதுவன்று.

பெருந்தொற்றுக் காலம்

2020-இல் எல்லைகள் மூடப்பட்டபோது, பெரிய நாடுகளின் நிறுவனங்கள் உள்நாட்டுப் பயணத்தைக் கொண்டு ஓரளவு தாக்குப்பிடித்தன. இந்நிறுவனத்துக்கு அவ்வழி இல்லை. 2020/21 நிதியாண்டில் இழப்பு ஏறத்தாழ 427 கோடி சிங்கப்பூர் வெள்ளி. பெரும்பங்குதாரரான தெமாசெக்கின் ஆதரவுடன் 2020-இல் திரட்டப்பட்ட 880 கோடி வெள்ளியே இதைக் காத்தது எனலாம்.

அயல்நாட்டு முதலீடுகள்

சொந்தச் சந்தை இல்லாததால் பிறர் சந்தையில் பங்கு வாங்குவது இந்நிறுவனத்தின் நெடுநாள் முயற்சி. இதில் வெற்றிகள் குறைவு. ஏறத்தாழ 60 கோடி பவுண்டுக்கு வாங்கிய வெர்ஜின் அட்லாண்டிக்கின் 49% பங்கு, பின்னர் 36 கோடி அமெரிக்க டாலருக்கு டெல்டாவுக்கு விற்கப்பட்டது. ஏர் நியூசிலாந்தில் செய்த முதலீடு 2001 நெருக்கடியில் கரைந்தது. சைனா ஈஸ்டர்னில் பங்கு வாங்கும் திட்டத்தை 2008 சனவரியில் அந்நிறுவனப் பங்குதாரர்களே நிராகரித்தனர்.

இந்தியா இவற்றுள் மிகப் பெரிய பந்தயம். டாட்டா குழுமத்துடன் சேர்ந்து உள்நாட்டுச் சேவை தொடங்க 1990-களில் செய்த முயற்சி அரசின் இசைவின்றி நின்றது. அயல்நாட்டு வானூர்தி நிறுவனங்களுக்கு 2012-இல் 49% வரை அனுமதி கிடைத்த பின்னரே விஸ்தாரா உருவாகி, 2015-இல் பறக்கத் தொடங்கியது. 2024 நவம்பர் 12 அன்று விஸ்தாரா ஏர் இந்தியாவுடன் இணைந்தது; சிங்கப்பூர் ஏர்லைன்சுக்கு ஏர் இந்தியாவில் 25.1% பங்கு கிடைத்தது.

2024/25-இல் ஈட்டிய 278 கோடி வெள்ளி இலாபம் இந்நிறுவன வரலாற்றிலேயே மிகுதியானது. ஆனால் அதில் ஏறத்தாழ 110 கோடி இவ்விணைப்பால் வந்த கணக்கு வழி ஆதாயம். கையில் வந்த பணம் அன்று. அடுத்த நிதியாண்டின் முதல் அரையாண்டில் இலாபம் முந்தைய ஆண்டின் 74.2 கோடியிலிருந்து 23.9 கோடியாக வீழ்ந்தது. ஏர் இந்தியாவின் இழப்பில் பங்கேற்றது இதன் முதன்மைக் காரணங்களுள் ஒன்று. 2025 சூனில் அகமதாபாத்தில் நிகழ்ந்த விபத்தில் 260 பேர் உயிரிழந்ததும், அவ்வாண்டு ஏப்ரல் முதல் பாகிசுத்தான் வான்வெளி மூடப்பட்டதும் ஏர் இந்தியாவின் சுமையைக் கூட்டின.

இம்முதலீட்டில் ஒரு முரணும் உண்டு. ஏர் இந்தியா சீரடைந்து இந்தியாவிலிருந்து நேரடித் தொலைதூரச் சேவைகளைப் பெருக்கினால், சாங்கியில் மாறிச்செல்லும் இந்தியப் பயணிகள் குறைவர். ஏ350 வானூர்திகளைப் பதிவு செய்துள்ள இண்டிகோவும் இதே திசையில்தான் செல்கிறது. எப்படியும் இழக்க நேரும் பயணிகளில் கால்பங்கு ஆதாயத்தையாவது பெறுவது முற்றிலும் இழப்பதைவிட மேல் என்பது இவ்வுத்தியின் தருக்கமாகத் தெரிகிறது. மீதி 74.9% டாட்டா குழுமத்திடமே உள்ளது. இந்தியக் கம்பெனிச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு வாக்குகள் தேவை; ஆகவே 25.1% என்பது அத்தகைய தீர்மானத்தைத் தடுக்கப் போதுமானது, நிறுவனத்தை நடத்தப் போதாது.