தக்காளிக்கு விலை வைப்பது யார்?

2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. தமிழ்நாட்டில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்க வேண்டியதாயிற்று. அப்போது முதலாளிப் பத்திரிகைகள் என்ன எழுதின? தக்காளி விவசாயி கோடீசுவரனாகிவிட்டான் என்று எழுதின! இரண்டே மாதம். செப்டம்பரில் ஆந்திராவின் கர்நூல் மாவட்டத்தில் பறிகூலிக்கும் கட்டாத பழத்தை விவசாயிகள் ரோட்டில் கொட்டினார்கள். அந்தக் 'கோடீசுவரன்' என்ன ஆனான் என்று தேடிப் போக அந்த மேதாவிகளுக்கு நேரமில்லை.

அரை ஏக்கரில் தக்காளி போடுகிறவனின் கதையைப் பாருங்கள். வீரிய ஒட்டு விதையைக் கம்பெனி சொன்ன விலைக்கு வாங்க வேண்டும். அதன் பழத்தில் விதை எடுத்து மறுபடி விதைத்தால் அதே குணம் வராது. ஆகவே போகத்துக்குப் போகம் கம்பெனிக்குக் கப்பம். நாற்று விட்டு இருபத்தைந்து நாள் காத்து, பிடுங்கி நட்டு, குச்சி ஊன்றிக் கயிறு கட்ட வேண்டும். வெள்ளை ஈ வந்தால் இலை சுருண்டு செடி முடங்கும். காய்ப்புழு வந்தால் காயில் ஓட்டை. மருந்துக் கடையில் கடன். நட்ட இரண்டு, இரண்டரை மாதத்தில் பழம் சிவக்கிறது. பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் பறிக்கிறார்கள். அந்தக் கையிலேறும் பச்சைக் கறை சோப்புப் போட்டாலும் லேசில் போகாது. பிறகு லாரி வாடகை, ஏற்றுகூலி, ஒட்டன்சத்திரம் மண்டியில் ஏலம், கமிஷன். மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் வேறு கடை வாசலை மிதிக்கவும் முடியாது.

விதைக்கும் மருந்துக்கும் விற்கிறவன் விலை வைக்கிறான். பழத்துக்கு மட்டும் வாங்குகிறவன் விலை வைக்கிறான்! இது எந்த ஊர் நியாயம்?

"எல்லோரும் ஒரே சமயத்தில் ஏன் தக்காளி போடுகிறீர்கள்?" என்று பட்டணத்துப் பண்டிதர்கள் உபதேசிக்கிறார்கள். நூல் விலை சரிந்தால் மில் முதலாளி ஷிப்டைக் குறைப்பான், கதவை அடைப்பான். அந்த அடி யார் வயிற்றில் விழும் என்பது மில் தோழர்களுக்குத் தெரியும். காய்த்து நிற்கும் செடியிடம் போய்க் கதவடைப்பு என்று சொல்ல முடியுமா? பழுத்த பழம் நாலைந்து நாளில் அழுகும். அந்த அவசரம்தான் வியாபாரியின் மூலதனம்.

நூறு ரூபாய் கொடுத்த மில் தொழிலாளிக்கு விவசாயி மீது கோபம் வந்திருந்தால், ரிசர்வ் வங்கி 2024ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையைப் பார்க்கட்டும். தக்காளிக்கு நாம் கொடுக்கும் ரூபாயில் 33 காசுதான் விவசாயிக்கு என்கிறது. எழுதியவர்கள் கம்யூனிஸ்டுகள் அல்ல!

மத்திய சர்க்கார் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கும் 22 பயிர்களில் தக்காளி இல்லை. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கென்று 2018 பட்ஜெட்டில் 500 கோடி ரூபாய் என்று தம்பட்டம் அடித்தார்கள். ஐந்து வருஷம் கழித்தும் பழம் ரோட்டில்தான் கிடந்தது. கேரளத்தில் அன்றைய இடது முன்னணி அரசு 2020 நவம்பர் 1 முதல் 16 விளைபொருள்களுக்கு அடிப்படை விலை நிர்ணயித்தது. தக்காளிக்குக் கிலோ 8 ரூபாய். எட்டு போதுமா என்று தாராளமாகச் சண்டை போடலாம். ஆனால் ஓர் அரசு நினைத்தால் முடியும் என்பது தெரிந்துவிட்டதல்லவா?

அந்த விலையைத் தமிழ்நாட்டிலும் கேட்போம். மண்டிக்குப் பக்கத்தில் கூட்டுறவுக் குளிர்பதனக் கிடங்கும் கேட்போம். சிறு விவசாயித் தோழருக்கும் ஒரு வார்த்தை: விலை சரிந்த அன்று முதலில் வெட்டப்படுவது பறிக்கும் பெண்ணின் கூலி. விலை கேட்டு எழுதும் மனுவிலேயே அவள் கூலியையும் எழுதுங்கள். தாலுகா ஆபீசுக்கு அவளும் நம்மோடு வரட்டும்.