படம் எப்படி இருக்கு?

மார்கழி மாதத்தில் வாசல் நிறையக் கோலம் போடுகிறோம். பால்காரர் பார்க்கிறார், பேப்பர் போடும் பையன் பார்க்கிறான். எதிர்வீட்டு மாமி, "இந்தப் பக்கம் ஒரு புள்ளி தப்பிப் போச்சே!" என்கிறாள். நமக்குக் கோபமா வருகிறது? மாவை எடுத்துச் சரி பண்ணிவிட்டு உள்ளே போகிறோம். அதே நாம் ஒரு காகிதத்தில் பென்சிலால் ஏதாவது வரைந்துவிட்டால் மட்டும், யார் கண்ணிலும் படாமல் பீரோவில் துணிக்கு அடியில் செருகி வைப்பானேன்?

நானும் அப்படிச் செருகி வைத்தவள்தான். ஏழாம் வகுப்பில் நான் வரைந்த பசுவை ஆசிரியை உயரத் தூக்கிப் பிடித்து, "இது பசுவா, பல்லியா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. அன்று மூடிய பென்சில் டப்பாவைத் திறக்க எனக்கு 40 வருஷம் ஆயிற்று.

போன வருஷம் மருமகள்தான் பிடித்துத் தள்ளினாள். "அத்தை, வீட்டிலே இருந்தபடியே போன்ல பார்த்துக் கத்துக்கலாம். ஆறு வாரம்தான்" என்று சொல்லிப் பணமும் கட்டிவிட்டாள். பாடத்தைப் பார்த்து வரைய வேண்டும். வரைந்ததைப் போட்டோ பிடித்து, வகுப்பில் சேர்ந்திருக்கும் எல்லோரும் பார்க்கும்படி குழுவில் போட வேண்டும். அவர்கள் கருத்துச் சொல்வார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் என் வயிற்றைக் கலக்கியது.

முதல் வாரப் பாடம், வீட்டில் இருக்கும் ஒரு டம்ளர். வரைந்துவிட்டு மூன்று நாள் அனுப்பவே இல்லை. நாலாம் நாள் ராத்திரி, எல்லோரும் தூங்கின பிறகு, "சுமாராத்தான் வந்திருக்கு, மன்னிச்சுக்குங்க" என்று எழுதி அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். காலையில் பார்த்தால் 11 பேர் "சூப்பர்!" போட்டிருந்தார்கள். தலைகால் புரியவில்லை. பன்னிரண்டாவதாக ஒரு பெண் எழுதியிருந்தாள்: "டம்ளரின் வாய் அழகாக வளைந்திருக்கிறது. அடிப்பக்கத்தை மட்டும் நேர்கோடாகப் போட்டுவிட்டீர்கள். டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்து, மெள்ள இறக்கிப் பாருங்கள்."

முகம் சுருங்கிப் போயிற்று. மறுபடியும் பசுவா, பல்லியா! அன்றைக்குச் சாம்பாரில் உப்புப் போடக்கூட மறந்துவிட்டேன்.

சாயங்காலம் மனசு கேட்காமல் காபி டம்ளரைக் கண்ணுக்கு நேரே தூக்கினேன். "என்ன, எறும்பு கிடக்கா?" என்றார் இவர். "பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டுப் பார்த்தேன். கண் மட்டத்தில் டம்ளரின் வாய் வெறும் கோடு. கொஞ்சம் இறக்கினால் மெல்லிய நீள்வட்டம். இன்னும் இறக்க இறக்க அது அகன்றுகொண்டே போகிறது. அப்படியானால், வாயைவிடக் கீழே இருக்கும் அடிப்பக்கம் வாயைவிட அதிகமாக அல்லவா வளைய வேண்டும்! மேஜை தட்டை, அதனால் டம்ளரின் அடியும் தட்டைக் கோடு என்று நானே நினைத்துக்கொண்டு வரைந்திருக்கிறேன், பார்த்து வரையவில்லை. ஐந்து நிமிஷத்தில் திருத்தினேன். அந்தரத்தில் நின்ற டம்ளர் மேஜைமேல் வந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த ஆசிரியை குறை சொன்னது என்னை. இந்தப் பெண் குறை சொன்னது டம்ளரை. 11 "சூப்பர்"களும் அன்பால் வந்தவைதான். ஆனால் அடுத்த டம்ளரை வரைய அவை உதவவில்லையே!

படம் வரைந்து காட்டப்போகும் சகோதரிகளே, முதலில் அந்த மன்னிப்பை விடுங்கள். "எப்படி இருக்கு?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "நிழல் சரியான பக்கம் விழுகிறதா?", "கைப்பிடி பெரிசாகிவிட்டதா?" என்று குறிப்பாக ஒன்றைக் கேளுங்கள்.

அனுப்பும் முன், படத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள். இடம் வலம் மாறியதும் கோணல் பளிச்சென்று தெரியும். 1519-இல் காலமான லியனார்டோ டாவின்சியே தம் குறிப்புகளில் ஓவியர்களுக்கு எழுதிவைத்த யோசனை இது. போட்டோவைப் பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரமாக, ஃப்ளாஷ் இல்லாமல், போனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடித்து எடுங்கள். சாய்த்துப் பிடித்தால் சரியாக வரைந்த டம்ளர்கூடக் கோணலாகத் தெரியும். வீண் பழி!

"படம் எடுப்பாக இல்லை" என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் நிழலில் கறுப்புப் போதாததுதான் காரணம். எச்.பி. பென்சிலை எவ்வளவு அழுத்தினாலும் அந்தக் கறுப்பு வராது; காகிதம்தான் பள்ளமாகும். கோட்டுக்கு எச்.பி., நிழலுக்கு 4பி அல்லது 6பி வைத்துக்கொள்ளுங்கள். பி வரிசையில் எண் கூடக் கூட மென்மையும் கறுப்பும் கூடும்.

பிறர் படத்துக்குக் கருத்துச் சொல்லும்போது, நன்றாக வந்த இடம் ஒன்று, திருத்த வேண்டிய இடம் ஒன்று, திருத்தும் வழி ஒன்று. மூன்றே வாக்கியம் போதும். ஏழு குறை கண்ணில் பட்டாலும் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும். கைக்குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, அந்த அரைமணியில் வரைந்தவளாக இருப்பாள் அவள்.

இந்தப் பாடம் வீட்டிலும் எனக்கு உதவியது. ஆறு வயசுப் பேத்தி படத்தைக் கொண்டுவந்து நீட்டினால், அடுப்பைப் பார்த்தபடியே "சூப்பர்டா கண்ணு" என்பேன். அந்த 11 பேரைப் போலத்தான்! இப்போது அடுப்பைச் சின்னதாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறேன். குழந்தைக்குத் திருத்தம் வேண்டாம். ஒரு கேள்வி போதும். போன வாரம், "அம்மாவுக்கு ஏன் கை இவ்வளவு நீளம்?" என்று கேட்டேன்.

"ஆபீஸ்லேருந்தே என்னைத் தொடணும் இல்ல, பாட்டி?" என்றாள்.

"இது கையா, கயிறா?" என்று கேட்டுச் சிரித்திருந்தால் இந்தப் பதில் எனக்குக் கிடைத்திருக்குமா? அவளும் பென்சில் டப்பாவை மூடியிருப்பாள்.

ஆகவே, துணிக்கு அடியில் இருப்பதை இன்று மத்தியானம் வெளியே எடுங்கள். நம்பிக்கையான ஒருவரிடம் காட்டி, ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். வரும் பதில் படத்தைப் பற்றியது. உங்களைப் பற்றியது அல்ல. கோலத்தில் புள்ளி தப்பினால் என்ன செய்வோமோ, அதைச் செய்தால் போதும்.