திண்ணையை இடிக்குமுன் எண்ணுக!

தமிழிலக்கணம் தொட்ட மாணவர் எல்லாரும் 'முன்றில்' என்னும் சொல்லை அறிவர். 'இல்முன்' என நிற்க வேண்டியது முன்பின்னாக மாறி 'முன்றில்' என வழங்குவதை இலக்கணப் போலி என்பர் நூலோர். வீட்டின் முன்னிடத்திற்கென்றே ஒரு மொழி தனிச்சொல் ஆக்கிக் கொண்டதெனின், அம் மொழி பேசிய மக்களுக்கு அவ்விடத்தில் ஒரு தனி வாழ்வும் இருந்திருத்தல் வேண்டும். அவ்வாழ்வு இற்றை நாளில் ஊர்தோறும் தெருத்தோறும் கடப்பாரையால் பெயர்த்தெறியப் பெற்று வருகின்றது.

நடப்பது இதுதான். பழைய வீடொன்று தந்தையிடமிருந்து மகனுக்கு வருகின்றது. வெளியூரில் பொருளீட்டிய மகன் அதைப் புதுக்க எண்ணுகின்றான். அவ்வெண்ணம் நல்லெண்ணமே, பழுதுபாராத வீடு பாழ்வீடாகும். ஆயின் அவன் முதற்கண் கைவைப்பது திண்ணையில். இருபுறத் திண்ணைகளும் இடிபடுகின்றன. மரத்தூண்கள் பழம்பொருள் வாங்குவோனின் வண்டியேறுகின்றன. ஓட்டுத் தாழ்வாரம் இறக்கப்பெற்று, அவ்விடத்தில் கற்காரைத் தட்டொன்று நீட்டப்பெறுகின்றது. சுவரில் வழவழப்பான ஓடுகள் ஒட்டப்பெறுகின்றன. தெருவோரத்தில் ஆளுயர இரும்புக் கதவு பூட்டப்பெறுகின்றது. இத்தனையும் முடிந்தபின் அதற்குப் 'போர்ட்டிகோ' என்று பெயர். இலத்தீனில் தோன்றி இத்தாலியத்தின் வழியாக ஆங்கிலம் புகுந்த அச்சொல், தூண்வரிசை தாங்கிய முகப்புக் கூடத்தைக் குறிப்பது. இங்கோ, மகிழுந்து நிறுத்தும் கொட்டகைக்குப் பெயராயிற்று. தூணை எடுத்துவிட்டுத் தூண்வரிசைக்குரிய பெயரைச் சூட்டிக்கொள்ளும் விந்தையை என்னென்பது!

திண்ணை என்னும் சொல் 'திண்' என்னும் அடியிற் பிறந்தது. திண்ணிதாய் உயர்த்திக் கட்டிய மேடை என்பது பொருள். கழக நூல்களில் வரும் 'தெற்றி' என்னும் சொல்லுக்கும் திண்ணை என்று பொருளுண்டு. திண்ணையைக் கடந்தால் இடைகழி. அதையே 'ரேழி' என்று சிதைத்து வழங்கி, சிதைந்த உருவையே மூலமென நம்புவாரும் உளர். திருக்கோவலூர் இடைகழியொன்றில் ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்று மழையிரவில் மூவர் ஒடுங்கி நின்ற முதலாழ்வார் வரலாற்றைக் கேளாத தமிழர் இலர். இடைகழியைக் கடந்தால் முற்றம். தெரு, திண்ணை, இடைகழி, முற்றம் என இவ்வாறு படிப்படியாக ஊரினின்று வீட்டிற்குள் அழைத்துச் செல்லும் அமைப்பு அது. அறியாதவன் திண்ணையளவில் அமர்வான்; அறிந்தவன் இடைகழி புகுவான்; உறவினன் முற்றம் வரை வருவான். பூட்டின்றியே அளவறிந்து பழகக் கற்பித்தது அவ்வீடு. ஊர்ப்பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த பள்ளிக்கே திண்ணைப் பள்ளி என்றுதானே பெயர்!

இஃது உணர்ச்சிப் பேச்சென்று ஒதுக்குவார்க்கு வேறொரு செய்தியும் உண்டு. தாழ இறங்கிய ஓட்டுத் தாழ்வாரம் உச்சிவெயில் சுவரில் படாமல் தடுக்கின்றது. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்போது, திண்ணை நிழலில் தணிந்த காற்று இடைகழி வழியாக உள்ளிழுக்கப் பெறுகின்றது. சிலப்பதிகாரம் சன்னலைக் 'காலதர்' என்கின்றது. கால் என்பது காற்று, அதர் என்பது வழி. பழைய வீடு முழுமையும் ஒரு காலதரே. தாழ்வாரத்தை நீக்கி, முற்றத்தையும் மூடி, முகப்பில் ஓடு ஒட்டிய வீடு பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் உமிழ்கின்றது. பின்னர்க் குளிரூட்டி வாங்குகின்றனர். மின்கட்டணம் கூடிற்றென்று வருந்துகின்றனர்.

சுவரின் செய்தி இதனினும் பெரிது. பழைய வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீற்றி, மணல் சேர்த்து அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர்விட்டுப் பக்குவம் செய்தனர். செட்டிநாட்டில் மேற்பூச்சிற்கு முட்டை வெண்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் இழைத்தனர். இக்காரைக்கு மூச்சு உண்டு. நிலத்தினின்று சுவரிலேறும் ஈரம் இதன் வழியே வெளியேறிக் காய்ந்துவிடும். சிமிட்டியோ, 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சோசப்பு ஆசுப்புதின் என்பார் உரிமம் பெற்ற 'போர்ட்லண்டு' வகையின் வழிவந்தது. புதுக்கட்டடத்திற்கு அது நல்ல பொருள். ஆனால் பழஞ்சுவருக்கு ஒவ்வாத பொருள். காரைச் சுவரின்மேல் சிமிட்டி பூசி, அதன்மேல் நெகிழிக் கலப்புள்ள வண்ணமும் தீட்டினால் ஈரம் உள்ளேயே அடைபடுகின்றது. அது மேலும் மேலும் ஏறுகின்றது, உப்புப் பூக்கின்றது, சில மழைக்காலம் கழிந்ததும் பூச்சு பாளம்பாளமாகப் பெயர்கின்றது. வீட்டுக்காரர் சுவர் கெட்டுவிட்டது என்கின்றார். சுவர் கெடவில்லை, கெடுக்கப்பட்டது.

திண்ணை தாழ்ந்துவிட்டது, மழைநீர் உள்ளே வருகின்றது என்பது மற்றொரு குறை. இக்குறை உண்மையே. ஆயின் தாழ்ந்தது திண்ணையன்று, உயர்ந்தது தெரு. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதுச்சாலை போடும் வழக்கத்தால், நான்கு படியேறிச் சென்ற வீடுகள் இன்று இரண்டு படி இறங்கிச் செல்லும் வீடுகளாயின. பழைய பரப்பை அகழ்ந்தெடுத்த பின்னரே புதிய சாலை இடுதல் வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழக அரசின் தலைமைச் செயலாளர் ஆணை விடுத்தார். அவ்வாணையைத் தம் தெருவில் நிறைவேற்றக் கேட்பது ஒவ்வொரு வீட்டாரின் உரிமை. அவ்வாறு கேளாமல் திண்ணையை இடித்துத் தரையை உயர்த்திக்கொண்டே போனால், அடுத்த சாலைக்கு அடுத்த வீட்டையும் உயர்த்த நேரும். 2003-ஆம் ஆண்டு முதல் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கிய நாட்டில், வாசல் மண் முழுமையும் சிமிட்டியால் மூடி மழையைச் சாக்கடைக்கு அனுப்புவதும் நகைப்பிற்குரியதே.

'உந்துருளியை எங்கே நிறுத்துவது? கள்வருக்கு அஞ்ச வேண்டாவா? முதியோர் படியேறுவது எங்ஙனம்?' என வினவுவர். ஏற்கத்தக்க வினாக்களே. இருபுறத் திண்ணையில் ஒன்றைக் காத்து, மற்றதன் ஒரு பகுதியைக் குறைத்து உந்துருளிக்கு இடம் தரலாம். கம்பிக் கதவைத் தெருவோரத்தில் வையாமல், திண்ணைக்கும் தலைவாயிலுக்கும் இடையே வைத்தால் வீடும் காவலுறும், திண்ணையும் தெருவிற்கு உரியதாகும். படிக்கு அருகில் கைப்பிடியொன்றும் சிறு சாய்தளமும் அமைத்தல் பெருஞ்செலவன்று. தூணின் அடி மட்டும் உளுத்திருந்தால் அப்பகுதியை அறுத்து, வைரம் பாய்ந்த மரம் பொருத்தி, கீழே கல்லடிக்கால் வைத்தால் போதும். முழுத்தூணையும் எறிய வேண்டா. திண்ணைத் தளம் சிதைந்திருந்தால் கடப்பைக் கல்லோ, ஆத்தங்குடித் தளவோடோ, செங்காவியோ இடலாம். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்பாலேயே பூசுக, சுண்ணாம்பே அடிக்க. காரை வேலை அறிந்த கொத்தர் அருகி வருகின்றனர். அவர்க்கு வேலை கொடுத்து, உடன் ஓர் இளைஞனையும் நிறுத்திக் கற்கச் செய்தால் ஒரு கைத்தொழிலும் பிழைக்கும்.

இது கனவன்று என்பதற்குப் புதுச்சேரி சான்று. அந்நகரின் தமிழர் பகுதியில் திண்ணையும், அதற்கு வெளியே தெருவில் நடப்போர்க்கு நிழல்தரும் தாழ்வாரமும் கொண்ட வீடுகள் வரிசையாக நின்றன. கீழே தமிழ்க்கட்டும் மேலே பிரெஞ்சுக்கட்டுமாகச் சில வீடுகள் எழுந்தன. அவை சிதைந்துவந்த நிலையில், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொருளுதவியோடு வைசியாள் தெருவின் வீட்டு முகப்புகள் மீட்டமைக்கப் பெற்றன. 2008-ஆம் ஆண்டில் யுனெசுக்கோவின் பாராட்டும் அப்பணிக்குக் கிட்டிற்று. தமிழன் திண்ணையின் அருமையை அயலார் வந்து காட்டிய பின்னரே தமிழன் காண வேண்டுமா?

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. பழைய திண்ணை எல்லார்க்கும் இடந்தரவில்லை. வழிப்போக்கனுக்கு நீர்மோர் தந்த அதே திண்ணை, அவ்வீட்டு வயலை உழுத உழவனைத் தெருவிலேயே நிற்க வைத்தது. நெல்மூட்டையைச் சுமந்துவந்த தோள், திண்ணையின் விளிம்பில் சாயவும் ஒப்பவில்லை அந்நாள் வழக்கு. அத் தெருவினுள் கால்வைக்கவும் விடப்பெறாத மக்கள் இருந்தனர். ஆதலின், திண்ணை வேண்டுமென்போர் பழைய திண்ணையை அப்படியே வேண்டுவராயின், அது பழம்பெருமை பேசி மகிழ்தலாகவே முடியும். கல்லையும் காரையையும் மீட்டு, கூடவே அவ்விலக்கையும் மீட்பது புதுக்குதல் ஆகாது. பழைய திண்ணை சிலரை விலக்கிற்று. இன்றைய இரும்புக் கதவு எல்லாரையும் விலக்குகின்றது. புதுக்கிய திண்ணை எவரையும் விலக்காதிருத்தல் வேண்டும். அஞ்சல் கொணர்பவரும், தெருவைப் பெருக்குபவரும், வெயிலில் கீரைக்கூடையோடு வரும் மூதாட்டியும் எழுந்திருக்கச் சொல்வாரின்றி அமரும் நாளில்தான் அத் திண்ணை தமிழர் திண்ணையாகும்.

வீட்டைப் புதுக்கும் தமிழர் கடப்பாரையை எடுக்குமுன் ஒருநாள் மாலை அத்திண்ணையில் சற்றே அமர்ந்து பார்க்கட்டும். தெருவில் போவோர் எத்தனைபேர் நின்று நலம் வினவுகின்றனர் என்று எண்ணட்டும். இடித்தபின் அவர்கள் எங்கு நிற்பர் என்றும் எண்ணட்டும். அதன்பிறகு முடிவு செய்யட்டும். இடிப்பதற்கு ஒருநாட் பொழுது போதும். முன்றில் இல்லா வீட்டிற்கு ஊரை மீண்டும் அழைத்து வருவதற்கோ ஒரு தலைமுறையும் போதாது.